ஊருக்குப் பொதுக் கட்டடம் வடிவமைக்கப் போகிறீர்களா? வரைபடத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு கிராமத்துக்குப் படிப்பகமும் மகளிர் குழுக் கூடமும் சேர்ந்த 900 சதுர அடிக் கட்டடம் ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தேன். பத்து மாதத்தில் சாவி கொடுத்துவிடலாம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். 19 மாதம் ஆனது. கட்டுவதற்குப் பிடித்தது அதில் 7 மாதம்தான். மற்ற 12 மாதமும் யாரிடம் எதைக் கேட்பது, எந்தக் காகிதத்தை முதலில் வாங்குவது, எந்த மாதத்தில் கூட்டம் போடுவது என்று தெரியாமல் போன மாதங்கள்.

படிப்பு முடித்துப் புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் ஆர்க்கிடெக்ட், சிவில் பொறியாளர், சொந்த ஊருக்கு ஏதாவது கட்டிக் கொடுக்க நினைக்கும் முன்னாள் மாணவர் சங்கத்தார் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வீடு கட்டுபவர்களுக்கும் சில பகுதிகள் உதவும். சொல்லும் தொகைகள் எல்லாம் என் வேலையில் ஆனவை. உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம்.

1. பணம் யாருடையது, இடம் யாருடையது, புழங்கப் போவது யார்?

வீடு என்றால் இந்த மூன்றும் ஒரே குடும்பம். பொதுக் கட்டடத்தில் மூன்றும் மூன்று தரப்பு. என் வேலையில் பணம், வெளியூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் அந்த ஊர்க்காரர்கள் நடத்தும் ஓர் அறக்கட்டளையுடையது. அதில் ஒரு பகுதி ஒரு நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதி. இடம் ஊராட்சிப் பொறுப்பில் இருந்த நத்தம் புறம்போக்கு, அதாவது குடியிருப்புப் பகுதியில் இருக்கும் அரசு நிலம். புழங்கப் போவது ஐந்து மகளிர் சுய உதவிக் குழுக்களும், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும்.

முதல் சந்திப்பிலேயே ஒரு தாளில் இந்த மூன்று தலைப்பையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே "முடிவு சொல்பவர்" என்று ஒரே ஒரு பெயரை எழுதி வாங்குங்கள். புழங்குவோர் சார்பில் ஒருவர் போதாது என்றால் மூன்று பேர் கொண்ட சிறு குழு வைக்கலாம். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். நான் இதைச் செய்யவில்லை. அறக்கட்டளையின் வாட்ஸ்அப் குழுவில் முதல் வரைபடத்தைப் போட்டேன். அறுபது பேர் இருந்த குழு. இரண்டே நாளில் "முன்பக்கம் தூண் வைத்தால் எடுப்பாக இருக்கும்" என்பதில் ஆரம்பித்து "மாடியில் ஒரு தங்கும் அறை" வரைக்கும் இருபத்தேழு யோசனை வந்தது. யாருடைய பேச்சு முடிவு, யாருடையது வெறும் அபிப்பிராயம் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வரைபடத்தில் சேர்த்து ஆறு வாரம் போனது. பெரிய குழுவில் வரைபடத்தை நீங்களே போடாதீர்கள். முடிவு சொல்பவருக்கு அனுப்புங்கள். அவர் எல்லோரிடமும் கேட்டு, ஒரே பதிலாகத் தொகுத்துத் தரட்டும்.

2. காகிதங்கள் கைக்கு வராமல் கோடு போடாதீர்கள்

இடத்தைப் பார்த்ததும் கை பரபரக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இவை முதலில் வேண்டும்:

- அ-பதிவேடு நகல். நிலம் எந்த வகை என்று இதில்தான் இருக்கும். அரசின் நில இணையதளத்தில் சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடமும் காட்டி உறுதி செய்யுங்கள்.
- புல வரைபடம். எல்லை அளவுகள் இதில் இருக்கும். அதை நம்பி மட்டும் வரையாமல் சர்வேயரை வைத்து இடத்தை அளந்துவிடுங்கள். எனக்கு 6,000 ரூபாய் ஆனது. தாளில் 62 அடி இருந்த பக்கம் தரையில் 57 அடிதான் இருந்தது. பக்கத்து வேலி உள்ளே வந்திருந்தது.
- தனியார் கொடையாகக் கொடுத்த நிலம் என்றால் பட்டா, தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பதிவு செய்த தானப் பத்திரம். "தாத்தா வாயால் கொடுத்தது" என்பதை நம்பி அஸ்திவாரம் தோண்டக் கூடாது. பேரன் ஒருநாள் வருவார்.
- ஊராட்சித் தீர்மான நகல். இந்த இடத்தில், இந்தப் பயன்பாட்டுக்கு, இன்னார் கட்டித் தர ஒப்புதல் என்று தெளிவாக இருக்க வேண்டும்.

அ-பதிவேட்டில் குளம், வாய்க்கால், ஓடை என்று இருந்தால் அந்த இடத்தை அன்றைக்கே விட்டுவிடுங்கள். இருபது வருடமாகக் காய்ந்து, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் இடமாகவே இருந்தாலும் பதிவேட்டில் நீர்நிலை நீர்நிலைதான். கடலோரம் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள்ளும், கடல்நீர் ஏறி இறங்கும் கழிமுகங்களை ஒட்டியும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும்.

தீர்மானத்துக்குக் கிராம சபை நாளைப் பிடியுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒரு மாதம் முதல் மூன்றரை மாதம் வரை காத்திருக்க வேண்டும். நான் மே 1-ஐத் தவறவிட்டு ஆகஸ்ட் 15 வரை காத்திருந்தேன். ஊராட்சியின் பதவிக்காலம் முடிந்திருந்தால் தலைவர் கையெழுத்துக்குப் பதில் தனி அலுவலர் கையெழுத்து வேண்டும். இதைக் கடிதம் எழுதும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பணம் தருவோர் பக்கமும் காகிதம் உண்டு. சி.எஸ்.ஆர். நிதி என்றால் வேலையை நடத்தும் அறக்கட்டளைக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண்ணும் இருக்க வேண்டும். நிறுவனங்களுக்கு மார்ச் 31 ஒரு கெடு. "மார்ச்சுக்குள் செலவாகிவிட வேண்டும், சீக்கிரம் வரைபடம் கொடுங்கள்" என்று பிப்ரவரியில் போன் வரும். பதறாதீர்கள். பல வருடம் நடக்கும் தொடர் திட்டம் என்று நிறுவனம் தொடக்கத்திலேயே பதிவு செய்திருந்தால், செலவாகாத தொகையைத் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவு செய்ய வழி இருக்கிறது. வேலை ஆரம்பிக்கும்போதே அறக்கட்டளையின் ஆடிட்டரிடம் இதைப் பேசச் சொல்லுங்கள். மார்ச் அவசரத்தில் வரைந்ததுதான் என் முதல் வரைபடம். அதில் எழுபது சதவீதத்தைப் பின்னால் அழித்தேன்.

அரசும் மக்களும் சேர்ந்து பணம் போடும் நமக்கு நாமே திட்டத்தில் போவதானால் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பாக இருக்க வேண்டும். அங்கே மதிப்பீடு போடுவது ஒன்றியப் பொறியாளர். உங்கள் வரைபடத்தோடு முதல் வாரமே அவரைப் போய்ப் பாருங்கள்.

3. கட்டணத்தையும் திருத்தங்களின் எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள்

"ஊர் வேலைதானே, பார்த்துக்கலாம்" என்று தொடங்கினால் இரண்டு பக்கமும் மனக்கசப்புதான் மிச்சம். இலவசமாகச் செய்வதானாலும் கடிதம் வேண்டும். அதில் கட்டணம் பூஜ்யம் என்று எழுதுங்கள், மற்ற நிபந்தனைகளை அப்படியே வையுங்கள்.

நான் மதிப்பீட்டில் 5 சதவீதம் என்று பேசியிருந்தேன். இப்போது அப்படிப் பேச மாட்டேன். ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து செலவைக் குறைக்கும்போது நம் கட்டணமும் குறைகிறது. மனது எவ்வளவு நேராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சின்னத் தயக்கம் வருகிறது. மொத்தத் தொகையாகப் பேசிவிடுவது நல்லது. தவணைகளை இப்படிப் பிரிக்கலாம்: கடிதம் கொடுத்ததும் 15 சதவீதம், தரையில் கோடு போட்டு ஊர் ஒப்புக்கொண்டதும் 25, அனுமதிக்கான வரைபடங்கள் கொடுத்ததும் 25, கட்டும்போது இரண்டு தவணையாக 25, சாவி கொடுக்கும் நாளில் 10.

திருத்தம் எத்தனை தடவை? முதல் யோசனைக்குப் பிறகு மூன்று தடவை வரை கட்டணத்தில் அடக்கம், அதற்கு மேல் தனி என்று எழுதினேன். இந்த ஒரு வரி வந்த பிறகு எல்லோரும் கருத்துகளைச் சேர்த்து வைத்து ஒரே தடவையாகச் சொல்லப் பழகினார்கள்.

வரி விஷயம் சுருக்கமாக: ஆர்க்கிடெக்ட் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், உங்கள் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். அறக்கட்டளை தரும் தொழில்முறைக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் வருமான வரியாக 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தரும். பான் எண் கொடுத்துவிடுங்கள். அப்புறம், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்க்கிடெக்ட் கவுன்சிலில் பதிவு பெற்றவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். பதிவு எண் இல்லாமல் லெட்டர்பேட் அடித்துவிடாதீர்கள்.

இவற்றோடு எனக்கு மண் பரிசோதனைக்கு 14,000, கம்பி, காங்கிரீட் கணக்குப் போட்ட கட்டமைப்புப் பொறியாளருக்கு 25,000, கூட்டங்களுக்கு (டீ, நாற்காலி, பிரிண்ட், பஸ், சுண்ணாம்பு எல்லாம் சேர்த்து) 9,000 ஆனது. கூட்டச் செலவை யாரும் மதிப்பீட்டில் போடுவதில்லை. போடுங்கள். அந்த ஒன்பதாயிரம்தான் பல லட்சம் மதிப்புள்ள தவறுகளைத் தடுத்தது.

4. நாள்காட்டியைப் பார்த்துக் கூட்டம் போடுங்கள்

டெல்டாவில் தை மாதம் சம்பா அறுவடை. அப்போது கூட்டம் கூட்டினால் வருபவர்கள் வேலையில்லாதவர்கள் மட்டும்தான். ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வர ஆரம்பித்தாலும் அதே கதை. மாசி, பங்குனிதான் ஊர் கொஞ்சம் மூச்சு விடும் காலம். பேச்சை எல்லாம் அதற்குள் முடிக்கப் பாருங்கள்.

இன்னொரு பக்கம் கட்டும் காலம். ஆனி, ஆடி, புரட்டாசி, மார்கழியில் பூமி பூஜைக்குச் சம்மதிக்க மாட்டார்கள். ஐப்பசியில் மழை வந்துவிடும். தோண்டிய குழி குளமாகும். ஆக வைகாசியில் பூஜை போட்டு, மழைக்கு முன்னால் கூரை காங்கிரீட் போடுவதுதான் சரியான கணக்கு. வைகாசியை விட்டால் ஆவணி. அப்போது ஐப்பசிக்குள் பேஸ்மட்டமாவது வெளியே வந்திருக்க வேண்டும். இரண்டையும் விட்டால் தை வரை காத்திருங்கள். நான் ஐப்பசியில் தோண்டி, இரண்டு தடவை தண்ணீர் இறைத்து, மூன்றாம் தடவை மண் சரிந்து, கூடுதலாக 38,000 ரூபாய் செலவு வைத்தேன். அந்தப் பணத்தில் படிப்பகத்துக்கு மேசைகள் வாங்கியிருக்கலாம்.

ஒரு நாளுக்குள்ளும் நேரம் உண்டு. நூறு நாள் வேலை நடக்கும் ஊரில் பெண்கள் பிற்பகல்தான் வீடு திரும்புவார்கள். அப்புறம் சமையல், தண்ணீர், பிள்ளைகள். காலை பத்து மணிக்கு நான் போட்ட முதல் கூட்டத்தில் பதினெட்டு ஆண்கள், இரண்டு பெண்கள். மாலை நாலரைக்கு மாற்றியபோது முப்பத்தோரு பெண்கள் வந்தார்கள்.

இடமும் முக்கியம். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் ஊர் முழுக்க வந்துவிட்டது போலத் தோன்றும். யார் வரவில்லை என்று எண்ணுங்கள். தெருவாரியாக, அவரவர் இடத்துக்கே போய் ஒரு கூட்டமாவது போடுங்கள். காலனிப் பக்கம் போகாமல் "ஊரே ஒப்புக்கொண்டது" என்று குறிப்பெழுதினால் அது பொய். நான் அப்படி ஒரு தடவை எழுதினேன். நான்கு மாத வேலையைத் திருப்பிச் செய்ய வேண்டி வந்தது அதனால்தான்.

5. "என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள்

இந்தக் கேள்விக்கு எல்லா ஊரிலும் ஒரே பதில்தான். "நீங்க பார்த்து நல்லா செஞ்சா சரி தம்பி." அதிலிருந்து ஒரு சுவரைக்கூட எங்கே வைப்பது என்று தெரிந்துகொள்ள முடியாது.

நடந்ததைக் கேளுங்கள். "போன வாரம் குழுக் கூட்டம் எங்கே நடந்தது? எத்தனை பேர் வந்தீர்கள்? எப்படி உட்கார்ந்தீர்கள்? பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? பணப்பெட்டியை யார் வைத்திருந்தார்? எத்தனை மணிக்கு முடிந்தது, எப்படி வீட்டுக்குப் போனீர்கள்?" இப்படிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. குழுக் கூட்டம் கோயில் மண்டபத்தில் நடக்கிறது. மாதவிலக்கு நாளில் ஒருவர் வர முடியாது. தவணை கட்டத் தாமதமாகிறது. காலனித் தெருக் குழு அந்த மண்டபத்துக்கே வருவதில்லை. அவர்கள் வேப்பமரத்தடியில் தனியாகக் கூடுகிறார்கள், மழை வந்தால் கூட்டம் இல்லை. இது எனக்கு மூன்றாவது கூட்டத்தில்தான் கிடைத்தது. அதுவும் என்னிடம் யாரும் சொல்லவில்லை. கூட வந்த பெண் பொறியாளரிடம் சொன்னார்கள். நீங்கள் ஆண் என்றால் உங்கள் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். அவரைத் தனியாகப் பேச விடுங்கள்.

இதனால் கட்டடத்தின் இடமே மாறியது. பெரிய தெருவில் கோயிலை ஒட்டி வைக்கத்தான் முதலில் பேச்சு. கடைசியில் இரண்டு தெருவும் சந்திக்கும் முனையில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே வைத்தோம். தினமும் எல்லாத் தெருப் பிள்ளைகளும் நடக்கும் வழி அது. அறக்கட்டளையில் சிலருக்கு வருத்தம்தான். கோயில் பக்கம் என்றால் பார்வையாக இருந்திருக்கும் என்றார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. எந்த வேலையிலும் நம் தரப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாத ஓர் இடம் வரும். எனக்கு அது இதுதான்.

கூரை விஷயமும் சொல்ல வேண்டும். சாய்ந்த மங்களூர் ஓட்டுக் கூரை வரைந்திருந்தேன். வெயிலுக்குக் குளிர்ச்சி, பார்க்கவும் அழகு. காட்டியபோது எல்லோரும் "நல்லாருக்கு" என்றார்கள். இரண்டு கூட்டம் கழித்து ஒரு பாட்டி என்னை நிறுத்திச் சொன்னார்: "தம்பி, கஜாவுல எங்க வீட்டு ஓடு அடுத்த தெருக் கிணத்துல கிடந்துச்சு." 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது இந்தப் பக்கம் தென்னந்தோப்புகள் மொத்தமாக விழுந்தன, ஓடும் தகரமும் பறந்தன. அந்த இரவைப் பார்த்தவர்களிடம் போய் ஓட்டுக் கூரை காட்டியிருக்கிறேன். "நல்லாருக்கு" என்பது மரியாதைக்குச் சொன்ன சொல். சம்மதம் என்று நான்தான் எடுத்துக்கொண்டேன். தட்டையான காங்கிரீட் கூரை, மேலே ஏற வெளிப்புறப் படி, வெயிலுக்கு வெள்ளைக் கூலிங் டைல்ஸ் என்று மாற்றினேன். அடுத்த புயலுக்கு ஊர் இங்கே வந்து ஒதுங்கலாம் என்ற பேச்சு அப்போதுதான் முதல் முறையாக எழுந்தது.

அப்புறம் திண்ணை. நம் ஊர்க் கட்டடம் என்றால் வாசலில் திண்ணை இருக்க வேண்டும் என்பது வடிவமைப்பாளர்களுக்குப் பிடித்த எண்ணம். வாசலின் இரு பக்கமும் வைத்திருந்தேன். "அதுல ஆம்பளைங்க சீட்டாட உட்காந்துட்டா நாங்க எப்படி உள்ள போறது?" என்று ஒரு அக்கா கேட்டார். பதில் இல்லை என்னிடம். திண்ணையை மரத்தைப் பார்த்த பக்கவாட்டுக்கு மாற்றி, மகளிர் கூடத்துக்குத் தெருவிலிருந்து நேராகத் தனி வாசல் வைத்தோம்.

வாஸ்துவை நீங்களே முதலில் எடுத்துவிடுங்கள். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. வாசல் திசை, கழிப்பறை மூலை, அறை அளவுக்கு மனையடி சாஸ்திரம் பார்ப்பீர்களா, யாரிடம் பார்ப்பீர்கள் என்று தொடக்கத்திலேயே கேட்டு, அவரிடமே போய் உட்காருங்கள். கேட்காமல் விட்டால், எல்லா வரைபடமும் முடிந்த பிறகு யாருடைய மச்சானாவது ஒருவர் வந்து "தென்மேற்கில் கக்கூஸா?" என்பார்.

6. காகிதத்தில் காட்டிய பிறகு தரையில் காட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

மேலிருந்து பார்க்கும் வரைபடம் பெரும்பாலானோருக்குப் புரியாது. புரியவில்லை என்று சொல்லவும் மாட்டார்கள். கம்ப்யூட்டரில் செய்த வண்ணப் படம் அதைவிட மோசம்; செடி, வானம், சிரிக்கும் குழந்தை எல்லாம் பார்த்து மயங்கிச் சரி என்பார்கள். கூரையைக் கழற்றிப் பார்க்கும்படி அட்டையில் ஒரு மாதிரி செய்தால் ஓரளவு உதவும். முழு அளவில் தரையில் கோடு போடுவதுதான் எல்லோருக்கும் பொதுவான மொழி.

தேவையானவை: எட்டுக் கிலோ சுண்ணாம்புத் தூள், நூல் உருண்டை, இருபது மரக் குச்சி, டேப், ஊர் மேஸ்திரி ஒருவர். மூலை மட்டத்துக்கு 3, 4, 5 அடிக் கணக்கில் கயிறு பிடித்தால் போதும். வாசல் வரும் இடத்தில் கோட்டை விட்டுவிடுங்கள். ஜன்னலுக்கு இரட்டைக் கோடு. கழிப்பறைக்கு ஒரு செங்கல். மாலை நாலு மணிக்குக் கோட்டை முடித்துவிட்டு நாலரைக்கு அழையுங்கள். அழைத்ததும் விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். "உள்ளே போய் உங்கள் கூட்டத்தை நடத்துங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் இருபது பெண்கள் 12க்கு 18 அடி அறைக்குள் வட்டமாக உட்கார்ந்தார்கள். வட்டம் கோட்டைத் தாண்டியது. கணக்குப் பார்த்தால், தரையில் உட்கார ஒருவருக்கு இரண்டடி என்று வைத்தாலே இருபது பேருக்கு 40 அடிச் சுற்றளவு, அதாவது 13 அடி அகலம் வேண்டும். எனக்கு நாற்காலிக் கணக்குத்தான் மனதில் இருந்தது. ஒருவர் எழுந்து போய் மாவுக் கோலம் போடுகிற கையால் சுண்ணாம்பை எடுத்து மூன்றடி தள்ளிப் புதுக் கோடு இழுத்தார். அந்தக் கோடுதான் இன்றைக்குச் சுவர். 15க்கு 18.

தண்ணீர் மட்டமும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதே பாட்டி ஒரு குச்சியை நட்டு, பெருமழையில் தண்ணீர் இதுவரை நிற்கும் என்று முழங்காலுக்குக் கீழே கை வைத்துக் காட்டினார். நான் ஓரடி பேஸ்மட்டம் போட்டிருந்தேன். இரண்டடியாக உயர்த்த வேண்டியிருந்தது. அதோடு இன்னொன்று மாறியது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12 அடிக்கு ஓரடி என்ற சரிவில் இருக்க வேண்டும். ஓரடிக்கு 12 அடி போதும்; இரண்டடிக்கு 24 அடி. வாசலுக்கு முன்னால் அவ்வளவு இடமில்லை. மூன்று சக்கர வண்டியில் வரும் ஒரு தம்பி படிப்பகத்துக்கு வரப் போகிறவர்களில் ஒருவர். அவரையே கோட்டின் மேல் வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். பக்கவாட்டுத் திண்ணையை ஒட்டி மடங்கி வரும்படி, நடுவில் திரும்ப ஐந்தடிச் சமதளத்தோடு அமைத்தோம். பேஸ்மட்ட உயரம் முடிவாகாமல் சாய்தளத்தை வரையாதீர்கள். பல கட்டடங்களில் சாய்தளம் பேருக்குச் செங்குத்தாக நிற்பது இப்படித்தான்.

கோட்டைச் சுற்றி நிற்கும் மரங்களையும் அன்றே குறியுங்கள். யார் நட்டது என்று கேளுங்கள். வெட்ட வேண்டியிருந்தால் அவரிடம் நேரில் போய்க் கேளுங்கள். இரண்டு மூன்று நாள் கோட்டை அழிக்காமல் விடுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் வந்து நடந்து பார்ப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதும் வந்து சேரும்.

7. ஒரு குறிப்பேடு

நாற்பது ரூபாய் நீள நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தேதி, இடம், வந்தவர் பெயர், முடிவானது என்ன, முடிவாகாதது என்ன. தமிழில் எழுதி, அங்கேயே சத்தமாக வாசித்து, கையெழுத்தோ ரேகையோ வாங்குங்கள். அதைப் போனில் படம் எடுத்து மூன்று தரப்புக்கும் அன்றிரவே அனுப்புங்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்ற பேச்சு எனக்கு ஐந்து தடவை வந்தது. நோட்டு இருந்த பிறகு வரவில்லை. முடிவை மாற்றக் கூடாது என்று இல்லை. மாற்றினால் யார், ஏன் மாற்றினார் என்பதும் அதே நோட்டில் ஏற வேண்டும்.

8. எஸ்டிமேட்டை மறைக்காதீர்கள்

சதுர அடிக்கு 2,350 என்று 900 சதுர அடிக்கு 21 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் வந்தது. கையில் இருந்தது 19 லட்சம். வழக்கமாக இந்த இடத்தில் வடிவமைப்பாளரும் பணம் தருவோரும் தனியாக உட்கார்ந்து எதையோ வெட்டிவிடுவார்கள். வெட்டுப்படுவது பெரும்பாலும் கழிப்பறையும் சாய்தளமும்தான். அந்த அறையில் அவற்றுக்காகப் பேச யாரும் இருக்க மாட்டார்கள்.

நாங்கள் பொருள்வாரியாகப் பெரிய எழுத்தில் எழுதி ஊர் முன்னால் வைத்தோம். எதை விடலாம் என்று அவர்களே பேசினார்கள். முன்பக்க அலங்காரத் தூண் போனது. கிரானைட் தரை சாதாரண டைல்ஸ் ஆனது. உள்ளே பூசாமல் விட்டு, பிறகு பூசிக்கொள்ளலாமா என்று பேசிப் பார்த்து வேண்டாம் என்றார்கள். மண் நிரப்பும் வேலைக்கு டிராக்டர் வைத்திருக்கும் இருவர் வாடகை இல்லாமல் வண்டி தருவதாக ஒப்புக்கொண்டார்கள். கழிப்பறை ஒன்று இரண்டானது. 19 லட்சத்துக்குள் வந்தது.

9. அனுமதி

ஊராட்சிப் பகுதியிலும் கட்டட அனுமதிக்கு இணைய வழியில்தான் விண்ணப்பம். வீடுகளுக்கு 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது; 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட உடனே அனுமதி கிடைக்கும். அதைப் பார்த்து நம் வேலைக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அது வீட்டுக்கு மட்டும்.

மக்கள் கூடும் கட்டடத்துக்கு இன்னொரு படியும் உண்டு. 1965ஆம் ஆண்டுப் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி தாசில்தாரிடம் உரிமம் வாங்க வேண்டும். அதற்குப் பொறியாளரின் உறுதித்தன்மைச் சான்று கேட்பார்கள். அந்தச் சான்றைத் தரப் போகிறவர் அஸ்திவாரக் கம்பி கட்டும்போதும் கூரை காங்கிரீட் அன்றும் வந்து பார்த்திருந்தால் கையெழுத்துக்கு அலைய வேண்டாம். எனக்கு எல்லாம் சேர்த்து 11 வாரம் பிடித்தது. நீங்கள் மூன்று மாதம் என்றே கணக்கு வையுங்கள்.

10. கட்டும்போது

மேஸ்திரி, தரைக் கோடு போட்ட நாளில் இருந்தவராகவே இருப்பது பெரிய வசதி. ஏன் அந்தச் சுவர் 15 அடியில் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். மாற்றங்கள் போனில் வேண்டாம். சைட்டில் ஒரு பலகையில் எழுதி, நோட்டிலும் ஏற்றுங்கள். வாரம் ஒருநாள், அதே நாள், அதே நேரம் போய் நில்லுங்கள். உங்களைப் பார்க்க வேண்டியவர்கள் தானாக வருவார்கள். ஜன்னல் மட்டம் வந்ததும் குழுப் பெண்களை ஒருமுறை உள்ளே அழைத்துத் தரையில் உட்காரச் சொல்லுங்கள். எங்கள் ஜன்னல் அடிமட்டம் மூன்றடி. உட்கார்ந்தால் காற்று தலைக்கு மேலே போனது. இரண்டு ஜன்னலை ஒன்றரை அடிக்கு இறக்கினோம். பூசும் முன்பே என்பதால் செலவு 4,000 ரூபாயோடு போனது.

11. சாவி யாரிடம், கரண்ட் பில் யாருக்கு

திறப்பு விழா தேதி குறிக்கும் முன் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கம் போதும். கட்டடம் யார் பெயரில், மின் இணைப்பு யார் பெயரில், மாதக் கட்டணம் யார், தொட்டிக்குத் தண்ணீர் யார், கழிப்பறை சுத்தம் யார், பழுதுக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்குவது, சாவி யாரிடம். எங்களுக்குச் சாவிப் பேச்சு மட்டும் மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில் இரண்டு சாவி: மகளிர் கூடத்துக்கு ஐந்து குழுக்களின் கூட்டமைப்புச் செயலாளர், படிப்பகத்துக்குப் பள்ளித் தலைமையாசிரியர். காலனித் தெருக் குழுவிலிருந்து ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சாவி முறை மாற்றும்போது கட்டாயம் இடம் பெற வேண்டும் என்றும் எழுதினோம்.

அறக்கட்டளைக்கும் ஊராட்சிக்கும் இரண்டு தொகுப்பு கொடுங்கள்: கட்டி முடித்த நிலையிலான வரைபடம், மின் கம்பி, தண்ணீர்க் குழாய் போகும் வழி, உறுதித்தன்மைச் சான்று, உரிமம், பொருள் வாங்கிய பில், மேஸ்திரி, எலெக்ட்ரீஷியன், பிளம்பர் போன் எண்கள், குறிப்பேட்டின் நகல்.

கடைசித் தவணையை வாங்கிய பிறகும் ஒருமுறை போக வேண்டும். முதல் ஐப்பசி மழை பெய்து முடிந்த மறுநாள் போங்கள். கூரை மூலை, ஜன்னல் கீழ்ப்பகுதி, சாய்தளத்தின் அடி ஆகிய மூன்று இடத்திலும் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். எங்களுக்குச் சாய்தளத்தின் அடியில் நின்றது. இரண்டடி நீளத்துக்கு ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிக் கல் பரப்பினோம். 1,800 ரூபாய் ஆனது. நோட்டில் கடைசிப் பதிவு அதுதான்.